அறுபத்து மூன்றாம் வீடு

2025 ஜூலை 13, ஞாயிறு

காலைப் பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லையாம். குடும்பக் கல்லறை வைத்திருப்பவர்கள், அதில் அடக்கமாகியிருப்பவருக்கு நாங்கள்தான் நேர் வாரிசு என்று அக்டோபர் 31க்குள் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காத கல்லறைகள் பங்குக்கோயிலுக்குப் போய்விடும். இரண்டாவது, பொது மண்ணில் 2021 வரை புதைத்த வரிசைகளை வரும் பிப்ரவரியில் திரும்பத் தோண்டுவார்கள். கிடைக்கிற எலும்பை எலும்புக் கிணற்றில் போட்டுவிட்டு அதே குழியில் வேறு ஆளை வைப்பார்கள்.

மதலேன் 2021 வரிசையில் இருக்கிறாள்.

மதலேன் என் தங்கை. கிட்னி போய் இறந்தாள். எங்களுக்கென்று வெள்ளையடித்த கல்லறை ஒன்று இருக்கும்போது அவள் புருஷன் வலேரியன் அவளைக் கொண்டுபோய்ப் பொது மண்ணில் புதைத்துவிட்டார். கல்லறையில் தெரேசா மச்சாது என்று பெயர் வெட்டியிருக்கிறது. தெரேசா எங்கள் தாத்தா சூசையின் தாய். நான்கு பேர் படுக்கிற இடத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவள் வழியில் எங்களைத் தவிர இப்போது ஊரில் யாரும் இல்லை. அப்பா கொழும்பில் செத்து அங்கேயே அடக்கம். அம்மாவை அவள் பிறந்த ஊர்க்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆகவே நான் செய்யப்போவது இது. தெரேசாவின் மகன்தான் தாத்தா என்று காகிதத்தில் காட்டுவேன். கல்லறையை எங்கள் பெயருக்கு எழுதி வாங்குவேன். மதலேனை எடுத்து அதில் வைப்பேன். அவள் பக்கத்து இடம் எனக்கு. எழுபத்தொரு வயதாகிறது, கல்யாணம் காட்சி ஒன்றும் கிடையாது, பூசையில் என் பெஞ்சில் வந்து உட்காருவதற்கே ஆள் யோசிக்கிறது. செத்த பிறகாவது பக்கத்தில் ஒருத்தி இருக்கட்டும்.

என்ன தேடினேன், என்ன கிடைத்தது என்று தேதி போட்டு எழுதி வைக்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருஷம் லாக் புத்தகம் எழுதியவள். கை சும்மா இருக்காது.

ஜூலை 15

பங்கு அலுவலகம் போனேன். ஏடுகளைப் பார்ப்பது ஸ்டெல்லா. நல்ல பெண், ஆனால் ஒரு கேள்விக்கு நாலு கேள்வி கேட்பாள். தாத்தா சூசையின் ஞானஸ்நானப் பதிவு இருந்தால் போதும், அதில் தாய் பெயர் தெரேசா என்று இருந்தால் வேலை முடிந்தது என்றாள். தாத்தா பிறந்தது 1909 என்று கேள்வி. 1908 முதல் 1910 வரையான ஏட்டைக் கேட்டேன். அந்த ஏடு மட்டும் இல்லை. அறுபத்து நாலு புயலில் கடல் உள்ளே வந்தபோது கரைந்துபோனதாம். மற்ற எல்லா ஏடும் உயரத்தில் இருந்திருக்கிறது, இது ஒன்றை மட்டும் யாரோ எடுத்துப் படித்துவிட்டுக் கீழே வைத்திருக்கிறார்கள். இந்த மணப்பட்டணத்தில் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற ஆள் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஜூலை 16

முழங்கால் வலி. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 22

சரி, ஞானஸ்நானம் இல்லையென்றால் கல்யாணம். 1925 முதல் 1935 வரை திருமணப் பதிவுகளைப் பார்த்தேன். எங்கள் கரையில் ஆணுக்குச் சூசை, அந்தோணி, சவேரியார். பெண்ணுக்கு மரி, இன்னாசி, தெரேசா. இதை வைத்துக்கொண்டே நூறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். நாற்பத்தொரு சூசைகளைக் கடந்தபிறகு எங்கள் சூசை கிடைத்தார். 1931, பெண் எங்கள் ஆச்சி. மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் இருக்கிற இடத்தில் 'மறைந்தவர்' என்று இருக்கிறது. தாய் பெயர் இருக்கிற இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

தெரேசா அப்போது உயிரோடுதான் இருந்தாள். 1934இல்தான் செத்தாள். மகன் கல்யாணத்தில் தாய்க்குக் கோடு போட்ட சாமியார் என்ன சாமியாரோ.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். 1911, 1921 கணக்கில் எங்கள் ஊரில் தெரேசா வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 4

தொட்டித் தண்ணீர் கலங்கல். வீடு ஒன்றுதான், அப்பா கட்டியது. நடுவில் சுவர் எழுப்பி வடக்குப் பாதி எனக்கு, தெற்குப் பாதி மதலேனுக்கு. கிணறும் மோட்டாரும் அந்தப் பக்கம் போய்விட்டன. மதலேன் போனபிறகு வலேரியன் தனியாக இருக்கிறார். ஐஸ் பாக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பேசுவதில்லை. என் தொட்டி தினமும் காலை ஆறரைக்கு நிரம்பிவிடுகிறது. டைமர் போட்டிருப்பார் போல.

ஆகஸ்ட் 15

மாதா பெருநாள். சப்பரம் பார்க்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் சிரித்தார்கள், யாரும் நிற்கவில்லை. கோழிக்குழம்பு வைத்தேன். இரண்டு பேருக்கு ஆகும் அளவுக்கு வைத்துவிட்டேன், மூன்று நாளைக்கு வரும்.

ஆகஸ்ட் 19

கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது, அரசாங்கத்தில் இவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கணக்கில் ஊருக்கு எத்தனை தலை என்கிற எண்ணிக்கைதான் மிஞ்சியிருக்கிறது, பெயர்கள் வைக்கப்படுவதில்லை என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் 1911இல் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேர். அதில் தாத்தாவும் ஒருவர் என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்டெல்லா வேறு வழி சொன்னாள். பழைய சாமியார்கள் வருஷா வருஷம் வீடு வீடாகப் போய் ஆன்மக் கணக்கு எடுப்பார்களாம். எந்த வீட்டில் யார், என்ன வயது, பூசைக்கு வருகிறார்களா இல்லையா என்று எல்லாம் எழுதி வைப்பார்களாம். அந்த ஏடுகள் நகரத்தில் ஆயர் இல்லத்து ஆவண அறையில் இருக்கின்றன.

ஆகஸ்ட் 27

ஆயர் இல்லம். பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆவண அறையைப் பார்த்துக்கொள்வது லதிஸ்லாஸ் சாமி. எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். என் எக்ஸ்சேஞ்ச் குரலை எடுத்தேன், டக்கென்று புரிந்துகொண்டார். லத்தீனில் எழுதியதை அவர் வாசித்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் கண் தாங்காது. இன்று 1905 முடிந்தது. தெரேசா வீட்டில் மூன்று பிள்ளைகள். தாத்தா இன்னும் பிறக்கவில்லை. அதுவரை சரி.

செப்டம்பர் 8

ஆறரைக்குக் கரண்ட் இல்லை. எட்டு மணிக்கு வந்தது, எட்டு ஐந்துக்குத் தொட்டி நிரம்பியது. இந்த டைமருக்கு என்ன மூளையோ.

செப்டம்பர் 10

கிடைத்துவிட்டது.

1913ஆம் வருஷத்து ஆன்மக் கணக்கு. அறுபத்திரண்டாம் வீடு. பஸ்கால் மச்சாது, தோணிக்காரர். மனைவி தெரேசா. பிள்ளைகள் நான்கு பேர், ஐந்தாவதாகச் சூசை, வயது நான்கு. சாமி விரலை வைத்துக் காட்டினார். எனக்கு லத்தீன் தெரியாவிட்டாலும் தெரேசாவும் சூசையும் ஒரே வீட்டில் இருப்பது தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வந்தால் என்ன.

சூசை பெயருக்குப் பக்கத்தில் சிறு குறி ஒன்று இருக்கிறதே, அறுபத்து மூன்றாம் வீட்டைப் பார் என்று எழுதியிருக்கிறதே என்றார் சாமி. எங்களுக்கு அறுபத்திரண்டே போதும் சாமி என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் கண் வலித்தது. சான்று நகல் எழுதி முத்திரை போட்டு வைக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

செப்டம்பர் 11

பங்குச் சாமியாரிடம் சொன்னேன். ஆன்மக் கணக்கில் மகன் என்று இருந்தால் போதும், தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம் என்றார். மதலேனை இடம் மாற்ற அவள் புருஷன் கையெழுத்து வேண்டுமாம். அது வேறு ஒன்று இருக்கிறது.

வலேரியனிடம் போய் எப்படிக் கேட்பது? எனக்கும் மதலேனுக்கும் கடைசி பத்து வருஷம் பேச்சு இல்லை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவள்தான் முதலில் நிறுத்தினாள். 2011 கல்லறைத் திருநாள் அன்று எல்லோரும் மெழுகுவர்த்தியோடு நிற்கும்போது, ஊர் பார்க்க, "அக்கா, இது நம்ம கல்லறை இல்லக்கா" என்று சொன்னாள். சொல்லிவிட்டுப் பொது மண்ணில் போய் நின்று மெழுகுவர்த்தி கொளுத்தினாள். எனக்கு எப்படியிருக்கும்? ஐம்பது வருஷமாக நாம் வெள்ளையடிக்கிற கல்லறை. நானும் ஒன்று சொன்னேன். அதோடு சரி.

இப்போது கையில் காகிதம் இருக்கிறது. அவள் சொன்னது தப்பு. அவள் இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

செப்டம்பர் 19

நகல் வாங்கப் போனேன். சாமி சான்றிதழை உறையில் போட்டுக் கொடுத்தார். வந்து போகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு ஒன்று வாசலில் கிடக்கிறது. அந்த அறைக்கு வருஷத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம், நோட்டு இருபது வருஷமாக முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, சும்மா புரட்டினேன்.

2011 அக்டோபர் 21. மதலேன், மணப்பட்டணம். பார்த்த ஏடு: ஆன்மக் கணக்கு 1913.

அவள் எழுத்து. 'ம' போடும்போது ஒரு சுழி அதிகம் வைப்பாள், டீச்சர் எத்தனை அடித்தும் மாறவில்லை.

ஐந்தரை பஸ்ஸில் திரும்பினேன்.

செப்டம்பர் 20

உறை மேஜையில் இருக்கிறது.

செப்டம்பர் 24

மத்தி வாங்கிக் கழுவினேன். பாதியை மீன்காரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன், முறைத்தாள்.

செப்டம்பர் 30

சான்றிதழ் சரியான சான்றிதழ். முத்திரை இருக்கிறது. மகன் என்று இருக்கிறது. நான் பொய் எதுவும் எழுதவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒரு தடவைகூட நான் லாக் புத்தகத்தில் பொய் எழுதியதில்லை.

அறுபத்து மூன்றாம் வீட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பார்த்தேன்.

லதிஸ்லாஸ் சாமி வாசிக்க வாசிக்க நான் தமிழில் எழுதிக்கொண்டதை அப்படியே இங்கே போடுகிறேன். 1913இல் வீடு வீடாகப் போன பிரெஞ்சுச் சாமியார் எழுதியது:

"அறுபத்து மூன்றாம் வீடு. இன்னாசி, விதவை, வயது முப்பது. பிள்ளைகள் இல்லை. நான் போனபோது நான்கு வயதுப் பையன் ஒருவன் அவள் கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். உன் மகனா என்று கேட்டேன். இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றாள். வெளியே வந்ததும் கூட வந்த உபதேசியார் விவரம் சொன்னார். இவள் வரிசையாக நான்கு பிள்ளைகளைப் புதைத்தவள். ஐந்தாவதைப் பிறந்த அன்றே ஒரு சுளவு நிறைய இருந்த தவிட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தெரேசாவுக்கு விற்றுவிட்டாள். பெற்றவள் தன் பிள்ளை என்று சொன்னால் சாவின் காதில் விழுந்து, அது இந்தப் பிள்ளையையும் கேட்டு வரும் என்பது இவர்கள் எண்ணம். திரும்பப் போய்க் கண்டித்தேன். அவள் பையனின் வாயைத் துடைத்துவிட்டாள். பையனை 62இல் சேர்த்திருக்கிறேன்."

சிறு வயதில் நாங்கள் சேட்டை செய்தால் அப்பா, உங்களைத் தவிட்டுக்கு வாங்கினேன் என்பார். ஊரில் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். நாங்கள் சிரிப்போம்.

அக்டோபர் 9

ஸ்டெல்லாவிடம் அடக்கப் பதிவேடுகளைக் கேட்டேன். 1918 நவம்பர். விஷக்காய்ச்சல் வருஷம். அந்த மாதத்தில் மட்டும் எட்டுப் பக்கம். ஒரே நாளில் பதினொரு பேர். ஏழாவது பெயர்: இன்னாசி, விதவை, 35, பொது மண்.

தாத்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகுதான் அவர் நிஜமாகவே தெரேசாவின் பிள்ளையாகியிருக்கிறார். தெரேசாவையும் குறை சொல்ல முடியாது. தவிட்டுக்கு வாங்கியதை ஐந்தாவது பிள்ளையாக வளர்த்தாள்.

கூடவே தாத்தாவின் அடக்கத்தையும் பார்த்தேன், 1959. அவரை ஏன் அந்தக் கல்லறையில் வைக்கவில்லை என்று நாங்கள் கேட்டபோதெல்லாம், அந்த வருஷம் மழை, கல்லறைக்குள் தண்ணீர் நின்றது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நானும் எல்லோரிடமும் அதையே சொல்லிவந்தேன். ஏட்டில் மழையைப் பற்றி ஒன்றும் இல்லை. தன் விருப்பப்படி பொது மண்ணில் என்று இருக்கிறது.

அந்த வரிக்கு ஓரத்தில் பென்சிலால், மதலேன் படிக்கும்போது வைப்பது போல, ஒரு சிறு புள்ளி. ஸ்டெல்லா அழிக்கப் போனாள், வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

உண்மையைத் தேதி போட்டு எழுதுகிறவள் என்று ஜூலையில் பெருமை அடித்துக்கொண்டேன். எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

பேச்சை நிறுத்தியது மதலேன் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அவள் என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தாள் இருந்தது, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா, ஒரு நிமிஷம் வாசிச்சுப் பாரு என்றாள். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். கொஞ்ச நேரம் நின்றாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நான் சொன்னது இது: "பிள்ளை பெறாதவளுக்குப் பரம்பரையைப் பத்தி என்னடீ பேச்சு?"

அதை எந்த வாயால் சொன்னேனோ. நானும் பெற்றவள் இல்லை. அவளோ பெற்றவள். மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று தடவையும் வெறும் கையோடு வந்தாள். முதல் இரண்டுக்கும் நான் அப்போது வேலை பார்த்த மதுரையிலிருந்து ஓடி வந்தேன். மூன்றாவது தடவை லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். லீவு கேட்கவே இல்லை. திரும்பவும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்டோபர் 13

அவள் கடைசி மாதங்களில் இருமுவது சுவர் வழியாகக் கேட்கும். டயாலிசிஸுக்குப் போகும் நாட்களில் ஆட்டோ ஐந்தரைக்கு வரும். நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன், அவள் திரும்பி வரும் வரை சாப்பிட மாட்டேன். இதை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அக்டோபர் 18

மழை. தொட்டி வழிந்தது, அந்தப் பக்கத்திலிருந்து மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது.

அக்டோபர் 22

ஸ்டெல்லா போன் செய்தாள். பத்து நாள் கூட இல்லை, விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், கல்லறை உங்களுக்குத்தான் என்று கமிட்டியில் பேசிவிட்டார்கள் என்றாள். அறுபத்து மூன்றாம் வீட்டைப் பற்றி யாருக்கும் தெரியாது. லதிஸ்லாஸ் சாமிக்கு மறந்தே போயிருக்கும். என் கையெழுத்தும் வலேரியன் கையெழுத்தும் போட்டால் மதலேன் கிணற்றுக்குப் போகாமல் என் பக்கத்துக்கு வந்துவிடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

பிப்ரவரியில் மண்வெட்டியோடு வருவார்கள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு. என் வாசலிலிருந்து அவர் வாசலுக்கு ஒன்பது எட்டுத்தான் தூரம்.

"வாங்க மதினி" என்றார் வலேரியன், நேற்றும் வந்தவளைக் கூப்பிடுகிற மாதிரி. மெலிந்துவிட்டார். உள்ளே மதலேன் சாமான் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார், சீனி அதிகம். நான் தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அறுபத்து மூன்றாம் வீட்டையும் சொன்னேன். சொல்லாமல் கையெழுத்து வாங்கத்தான் போனேன், காப்பியைக் கையில் வாங்கியதும் முடியவில்லை.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உங்கள் ஓய்வுக்கு முன்னால் கல்லறையில் முன்னோர் பெயர்களை வரிசையாக வெட்டி உங்களுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் அவள் தேடப் போனாள், போன இடத்தில் இது கிடைத்தது என்றார். கதவைத் தட்டியபோது அவள் கையில் இருந்தது அறுபத்து மூன்றாம் வீட்டுப் பக்கத்தின் நகல்தான்.

பிறகு சொன்னார்: "அவ பொது மண்ணுதான் வேணும்னு சொல்லிட்டுப் போனா, மதினி. மேக்க மதிலோரமா வேணும்னு. எம்பிள்ளைய மூணும் அங்கதான கெடக்குன்னா. நாந்தான் குழி வெட்டுறவன்ட்ட கெஞ்சி அந்த எடத்த வாங்குனேன்."

ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை மதிலோரம் புதைப்பார்கள். குழந்தைகள் கிடக்கிற அந்த மணலில் மண்வெட்டி படாது, படவும் விடமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதமாக மதலேன் பக்கத்தில் எனக்கு இடம் வேண்டும் என்று அலைந்தேனே, அவள் பக்கத்தில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா?

நீங்கள் எடுக்க வேண்டும் என்றால் எடுங்கள், நான் தடுக்க மாட்டேன், உங்களுக்கும் உரிமை இருக்கிறது என்று பேனாவை எடுத்தார். தாளை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிப்ரவரியில் மண்வெட்டி வந்தாலும் வரட்டும், அதுவரை அவள் பிள்ளைகளோடு இருக்கட்டும்.

கிளம்பும்போது தண்ணீருக்கு நன்றி சொன்னேன். டைமர் ஏதும் இல்லை, வால்வைத் திருப்ப வேண்டும், மதலேன் இருந்த வரை அவள்தான் திருப்புவாள் என்றார்.

அக்டோபர் 31

இன்று கொடுத்தது விண்ணப்பம் இல்லை, கடிதம். தெரேசா மச்சாது எங்கள் தாத்தாவைத் தவிட்டுக்கு வாங்கி வளர்த்தவள். எங்களுக்கு அந்தக் கல்லறையில் இரத்த உரிமை இல்லை. அதை இடிக்காமல் விட்டால் என் காலம் வரை வெள்ளையடிக்கிறேன். நான் இறந்தால் பொது மண்ணில் வரிசைப்படி எந்தக் குழி வருகிறதோ அதில் வைக்கவும். இவ்வளவுதான் எழுதினேன்.

ஸ்டெல்லா இரண்டு தடவை வாசித்தாள். கைக்கு வந்ததை விடுறீங்களே அக்கா, அங்க யாரு பக்கத்துல யாருன்னு ஒண்ணும் சொல்ல முடியாதே என்றாள். தெரியும் என்றேன். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். இடம் போய்விட்டது என்றுதான் அழுதேன், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

காலையில் தெரேசாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். பிறகு பொது மண்ணுக்குப் போனேன். இன்னாசிக்கும் தாத்தாவுக்கும் குழி எங்கே என்று கேட்க முடியாது, எலும்புக் கிணற்றின் விளிம்பில் இரண்டு வைத்தேன். காற்று அடித்துக்கொண்டே இருந்தது, மூன்று தடவை கொளுத்த வேண்டியிருந்தது.

மேற்கு மதிலோரம் வலேரியன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மதலேன் குழியில் சிலுவைக் கம்பு சாய்ந்திருந்ததை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அதற்கும் மதிலுக்கும் நடுவில் இரண்டடி மணல். அதில் மூன்று மெழுகுவர்த்தி நட்டு வைத்திருந்தார். இரண்டு எரிந்துகொண்டிருந்தன. மூன்றாவதை என்னைக் கொளுத்தச் சொன்னார்.

நான் கொளுத்தினேன். மூன்றாவது பெண் குழந்தை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மற்ற இரண்டும் பிறக்கும்போதே போய்விட்டன, இது முக்கால் மணி நேரம் மூச்சு விட்டது என்றார். சாமியாரைக் கூப்பிட நேரம் இல்லை. மதலேன் படுத்த வாக்கில் டம்ளரில் விரலை நனைத்துத் தானே ஞானஸ்நானம் கொடுத்தாள். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

பெயர் என்ன வைத்தாள் என்று கேட்டேன்.

அவர் மதிலைப் பார்த்தார். "ஒங்க பேருதான் மதினி. செத்த பிள்ளைக்கு உசிரோட இருக்கவுக பேர வச்சா ஒங்களுக்கு ஆகாதுன்னு ஊரு சொல்லும். அதான் எங்கயும் எழுதக் குடுக்கல. ஒங்கட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டா."

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லா ஏட்டில் இருப்பதுபோல் இந்தப் பக்கத்தில் கோடு போட்டேன். தேதியை வலேரியனிடம் மறுபடி போய்க் கேட்டு வந்தேன்.

பெயர்: குளோத்தில்தா.
பிறந்த நாள்: 1986 ஜூன் 11. இறந்த நாள்: அதே நாள்.
தகப்பன்: வலேரியன். தாய்: மதலேன்.
ஞானஸ்நானம் கொடுத்தவர்: தாய்.
அடக்கம்: மேற்கு மதிலோரம், தாய்க்குப் பக்கத்தில்.
எழுதியவர்: குளோத்தில்தா, பெரியம்மா.